பிள்ளையின் ஒன்பதாம் மாதத் தடுப்பூசி அன்று தாயையும் விசாரியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் பிரசவம் பார்க்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும், மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கமுங்க.

சிசேரியன் முடிந்து வீட்டுக்குப் போன பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மூத்திரம் உங்களை அறியாமல் ஒழுகுகிறதா? மாதத்தில் சில நாள் மட்டும் மூத்திரம் சிவப்பாகப் போகிறதா? தீட்டு திரும்ப வந்துவிட்டதா, வழக்கம்போலத்தான் வருகிறதா? இதைக் கேட்க ஸ்கேன் வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். ஆனால் யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் காங்கேயம், தாராபுரம் பக்கம் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் பிரசவமான வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற வேலையைத்தான் சர்வீஸ் முழுக்கச் செய்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லாததை வீட்டில் சொல்வார்கள். மாமியார் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்துச் சொல்வார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிசேரியன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஆபரேஷன் இல்லாவிட்டால் இன்று உயிரோடு இருக்க மாட்டார்கள் என்று சொல்லத்தக்க தாய்களையும் பிள்ளைகளையும் எனக்கே தெரியும். இனி எழுதப்போகும் சிக்கல்கள் அரிதானவை. நல்ல கைக்காரரான டாக்டருக்கும் நேரக்கூடியவை. யார் மீதும் பழி போட எழுதவில்லை. நேர்ந்த பிறகு அது கண்ணில் படாமலே இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடுகிறதே, அதுதான் என் மனக்குறை.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். முதல் பிள்ளை சிசேரியன். இரண்டாவதுக்கு வலி எடுத்து, தலை இறங்கி, நடுவில் நின்றுபோய், ராத்திரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் யூரின் டியூப் பையில் மூத்திரம் செக்கச்செவேல் என்று இருந்ததாம். "ஒண்ணுமில்லீங், சரியாயிடும்" என்று சொன்னார்கள். சரியாகவும் ஆனது. ஏழாம் நாள் தையல் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்.எஸ்.சி.எஸ். (சிசேரியனுக்கு டாக்டர்கள் எழுதும் சுருக்கம்) என்று ஒரு வரி, குழந்தையின் எடை, மாத்திரைப் பெயர்கள். அவ்வளவுதான்.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது மூத்திரம் சிவப்பாகப் போனது. நாலு நாள் போய் நின்றுவிட்டது. அடுத்த மாதம் மறுபடி. "சூடுங்க நர்சம்மா, வெயில்ல பால் ஊத்தப் போறா, வெந்தயம் ஊறவெச்சுக் குடிக்கச் சொன்னேன்" என்றார் மாமியார். அப்புறம் ஊசி மருந்து. கிருமி என்று ஒரு டாக்டர், கல் என்று ஒரு டாக்டர். ஸ்கேனில் கல் இல்லை. லேபில் மூத்திரம் கொடுக்கப் போன நாட்களில் பாதி நாள் அது தெளிவாகவே இருந்தது. ஆக எல்லாச் சீட்டிலும் நார்மல். தீட்டு வரவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. "பால் குடுக்கற வரைக்கும் தூரமாகாதுங்க. எங்களுக்கெல்லாம் ஒண்ணரை வருசம் ஆச்சு" என்று அதற்கும் மாமியாரிடம் பதில் இருந்தது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. பலருக்கு அப்படித்தான்.

லேப் சீட்டுகளைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டபோது பிள்ளை நன்றாக ஓடித் திரிந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர். சொசைட்டிக்கு ஊற்றிய பால் கணக்கு ஒவ்வொரு கட்டத்திலும் காலை இவ்வளவு, மாலை இவ்வளவு என்று பேனாவில் எழுதியிருந்தது. சில தேதிகளுக்குக் கீழே மட்டும் சின்னதாக ஒரு கோடு. "இதென்ன கண்ணு?" என்றேன். "ஒண்ணுக்கு செவப்பாப் போற நாளுங்க" என்றாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலு நாள் கோடு, மூன்று வாரத்துக்கு மேல் ஒன்றுமில்லை, மறுபடி நாலு நாள் கோடு. ஒவ்வொரு மாதமும் அப்படியே. அந்தத் தாள்களைக் கிழித்துக் கையில் கொடுத்து, ஒரு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே மேற்படிப்புப் படிக்கும் ஒரு டாக்டர் பொண்ணு காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப துணி வெச்சீங்கக்கா?" என்று கேட்டிருக்கிறது. பிரசவத்துக்கு அப்புறம் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் இந்த மடலைப் பெண்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். கருப்பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே ஒரு துளை விழுந்திருந்தது. சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பாகத்தைத்தான் வெட்டுகிறார்கள். சிறுநீர்ப்பை அதன் முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கீழே ஒதுக்கிவிட்டு வெட்ட வேண்டும். முதல் சிசேரியனின் தழும்பால் சிறுநீர்ப்பை மேலே இழுத்து ஒட்டியிருந்தால் ஒதுக்குவது கஷ்டம். வலி முற்றி, தலை இறங்கிய பிறகு செய்யும் ஆபரேஷனில் கருப்பையின் கீழ்ப்பாகம் காகிதமாக மெலிந்திருக்கும், வெட்டு கீழ்நோக்கிக் கிழிந்துபோகவும் கூடும். தெரியாமல் ஒரு தையல் சிறுநீர்ப்பையைச் சேர்த்துப் பிடித்துவிடலாம். அந்த இடம் ஆறும்போது இரண்டு உறுப்புக்கும் நடுவில் ஒரு வழி திறந்துகொள்கிறது.

அந்தத் துளை கருப்பையின் வாய்க்கு மேலே அமைந்துவிட்டால் வேடிக்கையான ஒரு நிலை வருகிறது. கருப்பைக்குள் அழுத்தம் அதிகம், சிறுநீர்ப்பையில் குறைவு. அதனால் மாதத் தீட்டு துளை வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் போய் மூத்திரத்தோடு வெளியேறுகிறது. மூத்திரமோ கருப்பைக்குள் வருவதில்லை. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரி ஒரு பக்கமாகத்தான் விடுகிறது. ஆகவே ஒழுக்கு இல்லை, பாவாடை நனைவதில்லை, நாற்றமில்லை, வலிகூடப் பலருக்கு இல்லை. தீட்டு நின்றுவிட்டது, மாதம் ஒருமுறை மூத்திரம் சிவக்கிறது, இந்த இரண்டும்தான் அடையாளம். எகிப்து நாட்டு மருத்துவர் யூசுஃப் 1957இல் இதைத் தனியாக விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே யூசுஃப் சிண்ட்ரோம் என்று உங்கள் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பிறப்புறுப்புக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே விழும் துளைகளில் இந்தக் கருப்பைத் துளைகள் நூற்றுக்கு ஒன்றிலிருந்து நாலு வரைதான் என்று சொல்கிறார்கள். அரிதிலும் அரிது, சரி. ஆனால் பெரும்பாலானவை சிசேரியனுக்குப் பின்னால் வருபவை.

இப்போது காலத்தைக் கவனியுங்கள். பிரசவத்துக்கு அப்புறம் செவிலியர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது 42 நாள் வரை. ஆஸ்பத்திரியிலும் ஆறாவது வாரத்தில் ஒருமுறை வரச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், பெரும்பாலும் தீட்டு வருவதில்லை. தீட்டு வராதபோது இந்தத் துளை தன்னைக் காட்டிக்கொள்ள வழியே கிடையாது. ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத் தீட்டு திரும்பும்போது அவள் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. பிள்ளையின் பெயர்தான் ரிஜிஸ்டரில் இருக்கிறது. எந்த டாக்டரும் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுவதில்லை. பார்க்கிற நாளும் நோய் வெளிவருகிற நாளும் பொருந்தாமல் போகின்றன.

இவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் பிரித்து, இரண்டையும் தனித்தனியே தைத்து, நடுவே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை இழுத்து வைத்து மூடினார்கள். சில வாரம் டியூப். அடுத்து வந்த தீட்டு வழக்கம்போல வந்தது. சீக்கிரமே கண்டுபிடித்த சின்னத் துளையாக இருந்தால் டியூப் போட்டு, தீட்டை மாத்திரையால் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தாலே சிலருக்குத் தானாக மூடிவிடுகிறது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இத்தன நாளா இத யாருமே கேக்கலயேக்கா?" அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

அரிதான நோய்க்கு இவ்வளவு பெரிய மடலா என்று நினைக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. 2019-21 கணக்கில் இந்திய சராசரி 21.5தான். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் நம் மாநிலத்தில் 63.8. சிசேரியனின்போது சிறுநீர்ப்பையில் காயம் படுவது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான் பல ஆய்வுகள் சொல்கின்றன. வருஷத்துக்கு எட்டு ஒன்பது லட்சம் குழந்தை பிறக்கும் மாநிலத்தில் இந்த இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் பெண்களுக்குப் பக்கத்தில் வரும். அதில் பெரும்பாலானவை ஆபரேஷன் மேஜையிலேயே கண்டுபிடித்துத் தைக்கப்பட்டு, பத்து நாள் டியூபோடு ஆறிவிடும். கண்ணில் படாத மிச்சப் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறேன். சிசேரியன் எண்ணிக்கை ஏற ஏற, இரண்டாவது, மூன்றாவது சிசேரியனும் ஏறுகிறது. ஒட்டல் அதிகமாவது அங்கேதான்.

இந்தப் பெருக்கத்துக்கு டாக்டர்களை மட்டும் கைகாட்ட எனக்கு மனமில்லை. ஜாதகக் கட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நட்சத்திரம், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் எடுத்துக் கொடுங்கள் என்று வந்து நிற்பவர்கள் நம் ஊர் மக்கள்தான். பெண் வீட்டார் ஒரு ஜோசியர், மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஜோசியர் என்று இரண்டு நேரத்தோடு வந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் வேறு சண்டை, இன்னொரு நாள் பேசலாம்.

இன்னொரு வகைக்கு வருகிறேன். இது மறைந்திருப்பதில்லை, பெண்தான் மறைந்துகொள்கிறாள். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்தால் மூத்திரம் ராப்பகலாக ஒழுகிக்கொண்டே இருக்கும். வலி எடுத்து நீண்ட நேரம் பிள்ளையின் தலை இடுப்பெலும்பில் அழுத்திக்கொண்டிருந்தால் நடுவிலுள்ள சதை ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அது உதிரும்போது ஒழுக்கு ஆரம்பிக்கும். கத்தி படாமலே வரலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில் காயம் பட்டாலும், அல்லது தையலில் அது மாட்டிக்கொண்டாலும் இதேபோல ஒழுகலாம். ஒழுகாமல் விலாவில் வலியும் காய்ச்சலும் மட்டும் வரலாம். ஒன்றுமே தெரியாமல் ஒரு பக்கச் சிறுநீரகம் மெல்லக் கெட்டுப்போவதும் உண்டு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி. சிசேரியனுக்குப் பின் இப்படி ஒழுக ஆரம்பித்தது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் வரைக்கும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். எழுந்தால் சீட் நனைந்திருக்கும் என்ற பயம். கடையில் நாப்கின் வாங்கிக் கட்டாது என்று கட்டிங்கில் மிஞ்சும் பனியன் துணியைப் பையில் திணித்துக்கொண்டு போவாள். காலையிலிருந்து மாலை வரை நாலைந்து முறை மாற்ற வேண்டும். பாத்ரூமுக்கு அடிக்கடி போகிறாள் என்று சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். தண்ணி குடிப்பதைக் குறைத்துப் பார்த்தாள். ஒழுக்கு நிற்கவில்லை, மூத்திரம் கெட்டியாகி எரிச்சலும் கிருமியும்தான் சேர்ந்துகொண்டன. தொடையின் உள்பக்கம் தோல் வெந்து உரிந்திருந்தது. புருஷன் நல்ல மனுஷன்தான், இருந்தாலும் தனியாகப் படுக்க ஆரம்பித்துவிட்டார். பிரசவம் பார்த்த இடத்தில் போய்ச் சொன்னதற்கு, "பிரசவமானா அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இருமினால், தும்மினால், தண்ணிக் குடம் தூக்கினால் கொஞ்சம் சொட்டுவது வேறு. அது பிரசவமான பல பெண்களுக்கு உண்டு, சிசேரியனானவர்களுக்கும் உண்டு, அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. படுத்தாலும் நின்றாலும் விடாமல் ஒழுகுவதை அந்தக் கணக்கில் சேர்த்து அனுப்பிவைப்பதுதான் எனக்கு வயிறு எரிகிறது. வித்தியாசம் காண ஒரு வாக்கியம் போதும்: "இருமும்போது மட்டுமா, எந்நேரமுமா?"

சோதனையும் பெரிய செலவில்லை. நீல மருந்து கலந்த தண்ணியை டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, பிறப்புறுப்புக்குள் மூன்று பஞ்சுருண்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, கொஞ்ச நேரம் நடக்கவிட்டு எடுத்துப் பார்க்கிறார்கள். நடுப்பஞ்சோ மேல்பஞ்சோ நீலமானால் சிறுநீர்ப்பையில் துளை. மேல்பஞ்சு நனைந்திருக்கிறது ஆனால் நீலமில்லை என்றால் சிறுநீரகக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். கீழ்ப்பஞ்சு மட்டும் நீலமானால் மூத்திர வழியாகவே சொட்டியிருக்கிறது. முன்னே சொன்ன பெண்ணின் நோயில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். மூத்திரம் கருப்பைக்கு வராத துளை என்பதால் நீலமும் வராது. பஞ்சு வெள்ளையாக இருக்கிறது, துளை இல்லை என்று அங்கே முடிவு கட்டக்கூடாது. கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது, எம்.ஆர்.ஐ., சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது என்று போக வேண்டும்.

தழும்பின் ஓரத்தில் கட்டி மாதிரி வந்து, தீட்டு நாட்களில் வீங்கி வலித்து, பிறகு தணிவதும் உண்டு. கருப்பையின் உள்சவ்வு தையலோடு வந்து தோலுக்கடியில் ஒட்டி வளர்வது அது. தையல் கட்டி, குடலிறக்கம் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இங்கேயும் கேட்க வேண்டியது தேதியைத்தான்.

டாக்டர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்று. ஆபரேஷனில் சிறுநீர்ப்பையில் காயம் பட்டிருந்தால், தைத்திருந்தால், டியூப் பையில் ரத்தம் வந்திருந்தால், வெட்டு கீழே கிழிந்திருந்தால், ஒட்டல் அதிகமாக இருந்திருந்தால், அதைச் சம்மரியில் எழுதுங்கள். எழுதியதை வீட்டாருக்கு வாயாலும் சொல்லுங்கள். அவள் அடுத்து எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அந்த ஒரு வரி இரண்டு வருஷ அலைச்சலை மிச்சப்படுத்தும். மூன்றாவது பிள்ளைக்கு அவள் வேறு ஊரில் மேஜையேறினால், கத்தி எடுப்பவருக்கும் அதுதான் எச்சரிக்கை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பழைய தழும்பில் வேர் பிடித்து, சிறுநீர்ப்பை வரை ஊடுருவும் ஆபத்தான நிலையைச் சொல்லவே வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இருந்து, இரண்டாவது சிசேரியன் என்றால் அது வேர் பிடித்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று, மூன்றாவது என்றால் நாற்பது என்று அமெரிக்காவில் 2006இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. பழைய சம்மரி சரியாக இருந்தால்தான் முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும்.

எழுதினால் கேஸ் போடுவார்கள், ஆள் கூட்டிவந்து கண்ணாடியை உடைப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரியாததில்லை. 1995இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வன்முறை செய்பவர்களைத் தண்டிக்க 2008இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே போட வேண்டி வந்தது. இரண்டு பக்கமும் நம்பிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் நான் வீடுகளில் பார்த்தது இதுதான்: சிக்கல் வந்தது என்று நேரில் சொன்ன டாக்டரை ஜனங்கள் அவ்வளவாக நோவதில்லை. "பாவம், அவரும் என்ன பண்ணுவாருங்" என்று விட்டுவிடுகிறார்கள். மறைத்தது இன்னொரு ஆஸ்பத்திரியில் தெரியவரும்போதுதான் ஊரே கிளம்புகிறது. படிக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆபரேஷன் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. மூன்று வருஷம் வரை அவற்றைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். சண்டை போடாமல், ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேளுங்கள்.

சுகாதாரத் துறை அதிகாரிகளிடம் கேட்பது வேறு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நம் மாநிலத்தில் கலெக்டர் வரைக்கும் தணிக்கை நடக்கிறது. ஏன், எப்படி, எந்த நேரத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். அந்தக் கண்டிப்பால்தான் 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்கு இந்தியாவில் 97 தாய்கள் இறந்தபோது இங்கே அது 54 ஆக இருந்தது. அந்த வேலையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று பெருமையாகச் சொல்வேன். ஆனால் தாய் பிழைத்துவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. பிழைத்தவள் எப்படி இருக்கிறாள் என்பதற்கு ஒரு கட்டம்கூட ரிஜிஸ்டரில் கிடையாது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் தாயேதான் வருவாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தடுப்பூசிக்கும் பணத் தவணைக்கும் தொடர்பு இருப்பதால் தவறாமல் வருவாள். பல பேருக்குத் தீட்டு திரும்பியிருக்கும் நேரமும் அதுதான். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் எப்படியும் உட்கார வைக்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் சிசேரியனான தாயைத் தனியாகக் கூப்பிட்டு, மடலின் தொடக்கத்தில் எழுதிய மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். ஒன்றரை வயதில் அடுத்த ஊசிக்கு வரும்போது இன்னொரு முறை. தடுப்பூசி அட்டையிலேயே தாய்க்கென்று மூன்று கட்டம் அச்சடித்தால் போதும். புதிதாக ஆளும் வேண்டாம், செல்போன் ஆப்பும் வேண்டாம்.

செவிலியர்களுக்கு ஏற்கனவே வேலைப்பளு என்று என் தோழிகளே சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் செல்போன், அதில் ஏற்றவேண்டிய விவரங்கள் ஏழெட்டு. அதில் எதையாவது குறைத்துவிட்டு இதைச் சேருங்கள் என்பதுதான் என் கோரிக்கை, எது என்பதை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்கும் இடமும் முக்கியம். வரிசையில் நிற்க வைத்து, பின்னால் மாமியாரும் நங்கையாளும் நிற்கும்போது, "ஒழுகுதா?" என்று கேட்டால் ஒருத்தியும் ஆமாம் என்று சொல்லமாட்டாள். அங்கன்வாடியின் பின்கட்டோ, சமையல் அறையோ ஏதாவது ஒன்று இருக்கும், அங்கே கூப்பிட்டுப் போங்கள்.

திருப்பூர், பல்லடம், அவிநாசி பக்கத்து ஈ.எஸ்.ஐ. டாக்டர்களுக்கும் ஒரு விஷயம். பேறுகால விடுப்பு 26 வாரம் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பிரசவத்தால் வந்த நோய்க்கு டாக்டர் சான்று கொடுத்தால் மேலும் ஒரு மாதம் சம்பளத்தோடு கிடைக்கும் என்பது பனியன் கம்பெனிப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? துளையை அடைத்த ஆபரேஷனுக்குப் பின் டியூபோடு இருக்கும் வாரங்களில் அவள் வேலை போய்விடுமோ என்று பயப்படக்கூடாது. நீங்களே எடுத்துச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சிறுநீரக ஆபரேஷன்கள் அதில் வருகின்றன. கார்டு இருந்தும் காசுக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் நிறைய.

கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டதே பாவமாகிவிடும். கோவையிலும் சேலத்திலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 2022இல் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எந்த ஊருக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை சிறுநீரக ஓ.பி. என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை சிவக்கிறது என்று சொல்லும் பெண்ணை அந்த நாட்களிலேயே அனுப்ப வேண்டும். மற்ற நாளில் போனால் மூத்திரம் தெளிவாக இருக்கும், நார்மல் சீட்டோடு திரும்பி வந்துவிடுவாள். அன்றைக்குப் போக பஸ்ஸோ துணையோ இல்லையென்றால், தேதிகளையாவது சீட்டில் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காங்கேயம் வட்டம்